மலாய் நாட்டு ரோஜாக்: அம்மியிலே பிறக்கும் பழக்கலவை

பழக்கலவை என்றதும் எமது பிள்ளைகளின் மனக்கண்ணிலே தோன்றுவது யாது? கண்ணாடிக் கிண்ணமொன்றிலே சிறு துண்டுகளாக நறுக்கி இடப்பெற்ற வாழைப்பழம், பப்பாசிப்பழம், அன்னாசிப்பழம், அவற்றின்மீது சீனிப்பாகு, அதற்கும் மேலே ஒரு கரண்டி ஐஸ்கிறீம். கல்யாண வீடுகளிலும் பிறந்தநாள் வைபவங்களிலும் விருந்தின் முடிவிலே பரிமாறப்படும் அப்பண்டத்தைக் குறை கூற நாம் வரவில்லை. ஆயினும், பழத்தை இனிப்போடு மாத்திரமே சேர்த்து உண்ணல் வேண்டும் என்பது விதியன்று. உப்பும் புளியும் உறைப்பும் கூட்டிப் பழத்தை உண்ணும் வழக்கம் தென்கிழக்காசியாவிலே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அப்பண்டத்தை 'ரோஜாக்' என்பர். இந்தோனேசியாவிலே 'ருஜாக்' என்பர். அதனை வீட்டிலே செய்யும் வகையை இவ்வாரம் எமது நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இதனை நாம் புத்தகத்திலே படித்துக் கற்கவில்லை. ஒரு முதியவரின் கோபத்திலிருந்து கற்றோம்.

எமது அப்பாச்சி 1934ஆம் ஆண்டிலே மலாயாவின் சிரம்பான் நகரிலே பிறந்தவர். அவருடைய தகப்பனார் அங்கே புகையிரதப் பகுதியில் இலிகிதராகக் கடமையாற்றினார். மலாயாவின் முதற் புகையிரதப் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரையில் 1885ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்றது. அக்காலந்தொட்டு, ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் பிற அரசாங்கக் கந்தோர்களிலும் தொழில் பெற்று அங்குச் சென்றனர் என்பதையும், ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியோரை 'மலாயாப் பென்சனியர்' என ஊரார் அழைத்தனர் என்பதையும் நேயர்கள் அறிவர். எமது பாட்டனாரும் அவர்களுள் ஒருவராய் 1950ஆம் ஆண்டிலே குடும்பத்துடன் திரும்பினார். அப்பொழுது அப்பாச்சிக்கு வயது பதினாறு. அதன் பின்னர் அவர் மலாயாவைக் கண்டதில்லை.

2014ஆம் ஆண்டு வைகாசி மாதம் ஒரு காய்ச்சல் வந்து நீங்கியபின், அவர் உணவை அறவே வெறுத்தார். கஞ்சி வேண்டாம், பால் வேண்டாம், இடியப்பம் வேண்டாம். வைத்தியர் வந்து பார்த்து, "அவ விரும்பிக் கேட்கிறதைக் குடுங்கோ" என்று சொல்லிச் சென்றார். அன்று மாலை அப்பாச்சி, "எனக்கு ரோஜாக் வேணும்" என்றார். வீட்டிலே ஒருவருக்கும் அது விளங்கவில்லை. ரோஜாப் பூவைக் கேட்கிறார் என்று ஒருவர் சொன்னார். காய்ச்சலின் பிதற்றல் என்று இன்னொருவர் சொன்னார். பழக்கலவை என்று ஒருவாறு விளங்கிக்கொண்டபின், நாம் மிக்க சிரத்தையுடன் மேற்கூறிய கல்யாண வீட்டுப் பழக்கலவையைச் செய்து கிண்ணத்திலே நீட்டினோம். அவர் ஒரு கரண்டி உண்டார். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"உது ரோஜாக் இல்லை மோனை. உது சீனித் தண்ணி. அம்மியைக் கழுவிப்போட்டு என்னைக் கூப்பிடு."

நாம் அம்மியைக் கழுவினோம். எண்பது வயதிலே, பல நாட் பட்டினியோடு, அவர் அம்மியடியிலே பலகையைப் போட்டு உட்கார்ந்தார். அன்று அவர் சொல்லச் சொல்ல நாம் செய்ததையே பின்னர் வரும் செய்முறையிலே எழுதியுள்ளோம். அதற்கு முன்னர், ரோஜாக் என்பது யாது என்பதைச் சிறிது நோக்குவோம்.

பெயரும் வகைகளும்

மலாய் மொழியிலே 'ரோஜாக்' என்ற சொல் கலவை என்னும் பொருளில் வழங்குவது. அப்பண்டத்தின் உயிர் பழத்தில் இல்லை. பழத்தின்மீது புரட்டப்படும் சாந்திலேயே உள்ளது. பனைவகை மரங்களின் பதநீரிலே காய்ச்சிய வெல்லம், பழப்புளி, மிளகாய், உப்பு, வறுத்த கச்சான் ஆகியன அச்சாந்தின் உறுப்புக்கள். இவற்றோடு மலாயர் 'பெலாச்சான்' என்னும் பொருளையும் சேர்ப்பர். கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து, இடித்து, வெயிலில் உலர்த்திக் கட்டியாக்கிய பொருள் அது. பினாங்குத் தீவிலே இறாற் சாற்றைக் கருகருவென்று பாகுபோலக் காய்ச்சியெடுத்த இனிப்புச் சாந்தைச் சேர்த்து, மேலே வறுத்த எள்ளையுந் தூவுவர்.

ஊருக்கு ஊர் இதன் உருவம் வேறுபடும். சுரபாயா நகரிலே இறைச்சி சேர்ந்த ருஜாக் பேர்பெற்றது. பாலித் தீவிலே மீன் அவித்த சாற்றை ஊற்றிச் செய்வர். பினாங்கிலே தமிழ் முஸ்லிம் வணிகர் விற்கும் 'பசெம்பூர்' என்பதோ பழம் இல்லாத வகை. வெள்ளரி, பொரித்த மாவடைகள், சோயாக்கட்டி, அவித்த முட்டை ஆகியவற்றின்மீது வற்றாளைக்கிழங்கு சேர்ந்த உறைப்புக் குழம்பை வார்த்துக் கொடுப்பர். கடல் கடந்து சென்ற தமிழர் அந்நாட்டுப் பண்டத்திலே தம் கைவண்ணத்தையும் சேர்த்தமைக்கு அது நல்ல சான்று.

சைவ உணவினர் இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். யாவாவிலே பழத்தை மாத்திரம் கொண்டு செய்யப்படும் ருஜாக்கினை, இறால் எதுவுஞ் சேராமல், வெல்லம், புளி, மிளகாய், உப்பு, கச்சான் என்பவற்றோடு செய்வதும் பெருவழக்கு. ஆகவே மரக்கறி ரோஜாக் என்பது நாம் வெட்டிக் குறைத்து உண்டாக்கிய போலியன்று. அஃது அந்நாட்டு வழக்குகளுள் ஒன்றேயாம்.

யாவாவிலே கருவுற்ற பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலே 'மிதோனி' என்னும் சடங்கு நிகழ்த்துவர். அவர்தம் மொழியிலே ஏழு என்னும் எண்ணைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது அப்பெயர். அச்சடங்கிலே ருஜாக் இன்றியமையாத பண்டம். அதன் சுவை எவ்வாறு அமைகிறதோ அதைக்கொண்டு பிறக்கப்போவது ஆணா பெண்ணா என ஊகித்து மகிழ்வதும் உண்டு. பிள்ளைத்தாய்ச்சி புளிமாங்காய் கேட்பாள் என்று எம்மூரிற் கூறுவதை நினைத்துக்கொண்டால், இவ்வழக்கம் எமக்கு அந்நியமாகத் தோன்றாது.

கடல் வழி வந்த சுவைகள்

வரலாறு கற்கும் மாணவர்கள் இந்த ஒரு தட்டை எதிரில் வைத்துக்கொண்டே பல பாடங்களைப் படிக்கலாம். மிளகாய், அன்னாசி, பப்பாசி, கொய்யா, கச்சான் ஆகிய ஐந்தும் அமெரிக்கக் கண்டத்துப் பொருள்கள். 1492ஆம் ஆண்டிலே கொலம்பஸ் அக்கண்டத்தின் தீவுகளை அடைந்த பின்னரே, போர்த்துக்கேயர், ஸ்பானியர் ஆகியோரின் கப்பல்கள் வழியாக அவை கிழக்கே பரவின. போர்த்துக்கேயர் மலாக்காவைக் கைப்பற்றியது 1511ஆம் ஆண்டிலே. அதற்கு முன்னர் அந்நாட்டவர் உறைப்புக்கு மிளகையும் திப்பிலி வகையையுமே நம்பியிருந்தனர். இந்தோனேசியாவிலே இன்று மிளகாய்க்கு வழங்கும் 'சபாய்' என்ற பெயர், ஆதியிலே அந்நாட்டுத் திப்பிலிக்கு உரியதாயிருந்து பின்னர் மிளகாய்க்கு மாறியது. வந்த விருந்தாளி வீட்டுக்காரரின் பெயரையே எடுத்துக்கொண்டதென்று இதனைச் சொல்லலாம்.

சொற்களும் அவ்வாறே கடல் கடந்தன. மலாய் மொழியிலே கடையை 'கெடாய்' என்பர். கப்பலை 'காப்பால்' என்பர். மாம்பழத்தை 'மெம்பெலாம்' என்பதும் உண்டு. இவை தமிழிலிருந்து அங்குச் சென்றவை. எமது அடுக்களையிலே நாள்தோறும் வழங்கும் சம்பல் என்ற சொல்லும், தொதல் என்ற பெயரும் மலாய் மொழியிலும் ஏறக்குறைய அவ்வாறே ஒலிக்கின்றன. ஒல்லாந்தர் காலத்திலே யாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரராகவும் நாடு கடத்தப்பட்டோராகவும் இலங்கைக்கு வந்த மலாயரின் வழித்தோன்றல்கள் கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும் இன்றும் வாழ்கின்றனர். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பேரீச்சம்பழம், வினாகிரி, கடுகு சேர்த்து அவர்கள் செய்யும் மலாய் அச்சாறு இந்நாடெங்கும் புகழ்பெற்றது. கடற்கரைகளிலும் புகையிரத நிலையங்களிலும் மாங்காயையும் அன்னாசியையும் அம்பரெல்லாவையும் மிளகாய்த்தூள், உப்புடன் குலுக்கி விற்கும் அச்சாறு வண்டிகளை அறியாத மாணவர் இரார். ரோஜாக் அதற்கு நெருங்கிய உறவினர் என்று எண்ணுக.

வேண்டிய பொருள்கள்

ஆறு பேருக்குப் போதுமான அளவை இங்கே தருகின்றோம். முதலிலே பழங்களும் காய்களும்: அதிகம் பழுக்காத அன்னாசி பாதி, நன்கு முற்றிய புளிப்பு மாங்காய் 1, கொய்யாச் செங்காய் 2, அம்பரெல்லாக்காய் 2, ஜம்பு 5, கெக்கரிக்காய் 1, பிஞ்சான வற்றாளைக்கிழங்கு ஒரு சிறு துண்டு. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1 கிலோகிராம் இருந்தாற் போதும். மலாயாவிலே 'செங்குவாங்' என்னும் வெண்ணிறக் கிழங்கைப் பச்சையாக அரிந்து சேர்ப்பர். அஃது இங்கு எளிதிற் கிட்டாதபடியால் அதன் மொறுமொறுப்புக்காகவே வற்றாளைக்கிழங்கைச் சொன்னோம். இந்தோனேசியரும் அதனைப் பச்சையாகவே ருஜாக்கிலே சேர்ப்பதுண்டு. எல்லாப் பழமும் கிடைக்கவேண்டுமென்பதில்லை. புளிப்பான ஒன்று, இனிப்பான ஒன்று, துவர்ப்பான ஒன்று, சுவை குறைந்து நீர்ப்பற்று மிகுந்த ஒன்று என நான்கு வகை இருப்பின் போதும். கனிந்து குழைந்த பழம் மாத்திரம் ஆகாது.

இனிச் சாந்துக்கு வேண்டியன: பனங்கட்டி 150 கிராம், தேசிக்காயளவு பழப்புளி, செத்தல் மிளகாய் 4 அல்லது 5, உப்பு 1 தேக்கரண்டி, தோல் நீக்கிய வறுத்த கச்சான் 100 கிராம், வறுத்த எள்ளு 1 மேசைக்கரண்டி. மலாக்காவிலே தென்னங் கள்ளிறக்கும் பாளையிலிருந்து எடுத்த பதநீரைக் காய்ச்சிய வெல்லமே பேர்போனது. எமது பனங்கட்டியும் மரவெல்லமாதலால், அதன் கருமையும் மணமும் அதற்கு மிக அணித்தாக நிற்கும். கித்துள் வெல்லமும் ஏற்றதே. வெள்ளைச் சீனி இட்டால் இனிப்பு வருமேயன்றி, மணம் வாராது. மச்சம் உண்போர் வேண்டுமாயின், பெலாச்சான் 1 தேக்கரண்டியைத் தணலிலே வாட்டிச் சேர்க்கலாம். அப்போது உப்பைக் குறைத்தல் வேண்டும்.

செய்யும் முறை

முதலிலே புளியை நான்கு மேசைக்கரண்டி சுடுநீரிலே ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, கோதும் கொட்டையும் நீக்கிக் கொள்க. செத்தல் மிளகாயைச் சிறிது வறுத்து, சுடுநீரிலே பத்து நிமிடம் ஊறவிடுக.

அம்மியிலே முதலில் மிளகாயையும் உப்பையும் வைத்து மைபோல அரைக்க. உப்புக்கல் மிளகாய்த் தோலை எளிதில் மசியச் செய்யும். மிளகாய் மசிந்த பின்னரே பனங்கட்டியைத் தட்டிச் சேர்த்து அரைக்க. வெல்லத்தை முன்னரே சேர்த்தால் அது பிசுபிசுத்து, மிளகாய் குழவிக்குத் தப்பி விதை விதையாய் நிற்கும். அடுத்துப் புளிக்கரைசலைச் சிறிது சிறிதாக விட்டுக் குழைக்க. இறுதியாகக் கச்சானை வைத்து ஒன்றிரண்டாக மாத்திரம் உடைக்க, மாவாக்கலாகாது. கரண்டியின் முதுகிலே சாந்து வழிந்தோடாமல் ஒட்டி நிற்குமாயின், அதுவே பதம். மின்னரைப்பானிலும் செய்யலாம், ஆனால் கச்சானைப் பின்னர் கையாலே உடைத்துச் சேர்த்தல் நன்று.

அன்னாசியின் கண்களை நீக்கி, உப்புத் தடவிக் கழுவினால் நாக்கிலே உண்டாகும் அரிப்புத் தணியும். பழங்களைச் சதுரமாக வெட்டலாகாது. கையிலே வைத்துத் திருப்பித் திருப்பிச் சாய்வாக அரிதல் வேண்டும். துண்டுகள் பல முகங்கொண்டு அமைவதால் சாந்து நன்றாகப் பற்றும். அரிந்த கொய்யாவும் மாங்காயும் இரும்புக் கத்தியினாற் கறுக்கக்கூடும். எவர்சில்வர் கத்தியே தகும்.

இப்பொழுது முக்கியமான ஒரு விதி. உண்பவர் வந்து அமர்ந்த பின்னரே சாந்தையும் பழத்தையும் சேர்த்துப் புரட்டுக. உப்பும் வெல்லமும் பழத்தின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்குந் தன்மையன. விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இதனைப் பிரசாரணம் என்ற பாடத்திலே படித்திருப்பர். முன்னரே புரட்டி வைத்தால் அரை மணி நேரத்திலே தட்டு முழுவதும் நீராகி, பழம் துவண்டு, சாந்தும் சாரமிழக்கும். புரட்டியபின் எள்ளைத் தூவி உடனே பரிமாறுக.

உண்ணும்போது முதலில் இனிப்புத் தோன்றும், பின்னர் புளிப்பு, அதன்பின் உறைப்பு மெல்ல ஏறும். உப்பு எல்லாவற்றையும் தாங்கி நிற்கும்; கொய்யாவிலே துவர்ப்பு உண்டு; வறுத்த எள்ளிலே கைப்பின் சாயல் உண்டு. எமது முன்னோர் வகுத்த அறுசுவையும் ஒரு வாயிலே வந்து சேர்வதை அங்கே காணலாம். உறைப்பு மிகுந்துவிட்டால் தண்ணீர் குடிப்பதாற் பயனில்லை. மிளகாயின் காரப்பொருள் நீரிலே கரைவது அரிது. ஒரு வாய் தயிர் உண்டால் தணியும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. தமரத்தங்காய், அதாவது சிங்களத்திலே 'காமரங்கா' எனப்படும் நட்சத்திர வடிவக் காய், ருஜாக்கிலே விரும்பிச் சேர்க்கப்படுவது. ஆனால் சிறுநீரக நோயுடையோருக்கு அது நஞ்சாகும். அவர்கள் அதனைத் தொடவே கூடாது. பச்சைப் பப்பாசியையும் சிலர் சேர்ப்பர். கர்ப்பிணிகள் அதனைத் தவிர்க்க வேண்டும். கச்சானிலே பூஞ்சணம் பிடித்ததும் கைப்பதும் இருந்தால் எறிந்துவிடுக. கச்சான் ஒவ்வாத பிள்ளைகள் உண்டு. விருந்தினர்க்குக் கொடுக்குமுன் கேட்டறிதல் நலம்.

தனியாக ஓர் அம்மி

அன்று அம்மியடிக்குத் திரும்புவோம். மிளகாய் மசிந்துகொண்டிருக்கும்போது அப்பாச்சி பேசத் தொடங்கினார். சிரம்பானிலே அவர்கள் குடியிருந்த புகையிரதக் குடியிருப்புக்கு அடுத்த வளவிலே ஒரு மலாய்க் குடும்பம் இருந்தது. அவ்வீட்டு அம்மாளை இவர்கள் 'மாச்சிக்' என்று அழைத்தனர். எங்கள் 'சின்னம்மா' போன்ற விளி அது. மாச்சிக்கின் வீட்டிலே ரோஜாக் செய்யும் நாளெல்லாம் வேலிக்கு மேலாக ஒரு தட்டு வரும். அப்பாச்சியின் தாயாரோ சுத்த சைவம். முதல் நாள் தட்டு வந்தபோது, பெலாச்சான் மணத்தை உணர்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அதனை மூடி வைத்திருந்தாராம். பிள்ளைகள் வாயிலாக அச்செய்தி வேலிக்கு அப்பால் எட்டியது. மாச்சிக் கோபிக்கவில்லை. அடுத்த சந்தை நாளிலே புதிதாக ஒரு கல்லையும் குழவியையும் வாங்கினார். அதன்பின் இவர்களுக்கு அனுப்பும் சாந்தை அந்தக் கல்லிலேயே அரைத்தார். பெலாச்சான் அதன்மேல் ஒருநாளும் பட்டதில்லை. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையான பஞ்ச காலத்திலும், மரவள்ளிக் கிழங்கே சோறாயிருந்த நாள்களிலும், வெறும் மாங்காயும் உப்பும் மிளகாயுமாக அந்தத் தட்டு வந்ததென்று அப்பாச்சி சொன்னார்.

"அந்தக் கல்லை எங்கட கல் எண்டுதான் மாச்சிக் சொல்லுவா" என்றார்.

மலேசியாவிலே பல மொழிகளைக் கலந்து பேசும் பேச்சை 'பஹாசா ரோஜாக்' என்று இகழ்ச்சியாகச் சொல்வர். மொழி கற்பிக்கும் எமக்கு அவ்விகழ்ச்சியிலே உடன்பாடுண்டு. ஆயினும் பண்டத்தின்மேற் பழி போடுதல் நியாயமன்று. நல்ல ரோஜாக்கிலே மாங்காய் மாங்காயாகவும் அன்னாசி அன்னாசியாகவுமே இருக்கும். ஒன்று மற்றொன்றாகக் குழைந்துபோவதில்லை. அயலவர் உண்ணத்தக்கதாகத் தன் வீட்டிலே தனிக் கல்லொன்று வைத்திருந்த அந்த அம்மையார், தாம் மலாயராகவும் முஸ்லிமாகவும் இருந்துகொண்டே அதனைச் செய்தார். இவர்களும் சைவராக இருந்துகொண்டே உண்டனர். இந்நாட்டிலே இனங்கள் சேர்ந்து வாழ்வதைப்பற்றி மேடைகளிலே நாம் கேட்ட சொற்பொழிவுகள் பல. அவற்றுள் எதுவும் அந்தக் கல்லைப்போல எமக்கு விளங்கியதில்லை.

அன்று மாலை அப்பாச்சி ஒரு தட்டு ரோஜாக்கை உண்டு முடித்தார். "உப்புக் கொஞ்சம் காணாது" என்றார். மறுநாள் கஞ்சியும் குடித்தார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் எம்மோடு வாழ்ந்து 2016ஆம் ஆண்டிலே காலமானார். அவர் கேட்டதைப் பிதற்றல் என்று நாம் எண்ணிய அந்த ஒரு மாலைப்பொழுது இன்றும் எம்மை உறுத்துகின்றது. முதியோர் ஒரு பண்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும்போது, அவர்கள் கேட்பது பண்டத்தை மாத்திரமன்று என்பதை அன்றே அறிந்தோம்.

இப்பொழுது மாங்காய்க் காலத்திலே, காற்றுக்கு உதிர்ந்த காய்களைப் பிள்ளைகள் பொறுக்கி வருவர். பல வளவுகளிலே அவை மரத்தடியிலே கிடந்து அழுகுவதையும், அதே வீட்டுப் பிள்ளைகள் கடைப் பொட்டலங்களை உடைத்து உண்பதையும் காண்கின்றோம். நேயர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலே அம்மியைக் கழுவி வையுங்கள். வீட்டிலே முதியவர் இருந்தால் அவரை அருகிலே இருத்தி, உப்புப் பார்க்கச் சொல்லுங்கள். அயல் வீட்டாருக்கு ஒரு தட்டு அனுப்புங்கள். அனுப்புமுன் அவர்கள் உண்ணாதது எதுவென்று கேட்டுக்கொள்ளுங்கள்.